யின் குறைவு என்றார் சின்சே, கிரேவ்ஸ் நோய் என்றது மருத்துவமனை: நான் யார் சொல்வதைக் கேட்பது?

கடிதத்தின் சுருக்கம்

சிங்கப்பூரில் வசிக்கும் 46 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சில மாதங்களாக அவருக்கு நள்ளிரவுக்கு மேல் உடல் வியர்த்து விழிப்பு வந்துவிடுகிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் எரிகின்றன. படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டும் ஐந்து கிலோ எடை குறைந்துவிட்டது. மாதவிலக்கும் ஒழுங்கு தவறியிருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளக்க முடியாத அளவுக்குக் குறைந்தும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 உயர்ந்தும் இருந்ததால், மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்குமேல் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் என்று உறுதிசெய்து, அந்தச் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையைத் தொடங்கினார்கள். அதன் பக்கவிளைவுகளை இணையத்தில் படித்துப் பயந்துபோய், சில வாரங்களிலேயே யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டார்.

பிறகு, உடன் பணிபுரியும் சீனத் தோழி தம் குடும்பத்தினர் பார்க்கும் சின்சேயிடம் (சீனப் பாரம்பரிய மருத்துவர்) அவரை அழைத்துச் சென்றிருக்கிறார். சின்சே நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்து, "யின் குறைந்துவிட்டது, அதனால் யாங் மேலே ஏறுகிறது" என்று சொல்லிப் பொடிப் பொட்டலங்கள் கொடுத்தார். பொரித்த உணவு, ஆட்டிறைச்சி, டுரியான் ஆகியவற்றை விலக்கச் சொன்னார். இப்போது தூக்கம் கொஞ்சம் தேவலை. தோழி சொன்னபடி, கழுத்து வீக்கம் கரைவதற்காகத் தினமும் கடற்பாசி சூப்பும் குடித்து வருகிறார். வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று சின்சே கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டார். தமக்குத் தைராய்டு நோய் இருப்பதையும் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தியது மருத்துவமனைக்குத் தெரியாது.

கணவர் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்கிறார். தோழியோ உலகச் சுகாதார நிறுவனமே சீன மருத்துவத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது என்கிறார். வாசகி கேட்பவை: யின்-யாங் சமநிலை என்பது உண்மையா? நம் ஊரில் உடம்புச் சூடு என்று சொல்வது இதைத்தானே? யின்னைச் சரிசெய்தால் தைராய்டு தானாக அடங்கிவிடாதா? மூலிகையில் என்ன ஆபத்து இருந்துவிட முடியும்?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்குப் போகுமுன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலைப் படித்த அன்றே உங்கள் மருத்துவமனையின் தைராய்டு பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்து, மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்பதைச் சொல்லி, அடுத்த சந்திப்பு நாளை முன்னதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். மீண்டும் தொடங்க வேண்டிய அளவை அவர்கள் இரத்தப் பரிசோதனை பார்த்து முடிவு செய்யட்டும். கடற்பாசி சூப்பை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதற்கான காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

நான் நாளமில்லாச் சுரப்பி நோய்களைப் பார்க்கும் மருத்துவர். சீன மருத்துவம் பயின்றவன் அல்லன். ஆனால் இரண்டு வழிகளையும் ஒரே நேரத்தில் நாடும் நோயாளிகளை நிறையப் பார்ப்பதால், அந்த மருத்துவம் என்ன சொல்கிறது என்பதைக் கவனமாகப் படித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதை மரியாதையுடனே பேசுகிறேன்.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் தொகுக்கப்பட்ட 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற நூலிலிருந்து இன்றுவரை, அந்த மருத்துவத்தின் அடித்தளம் யின்னும் யாங்கும்தான். குளிர்ச்சி, ஈரம், ஓய்வு, உடலின் சாரம் ஆகியவை யின். வெப்பம், இயக்கம், கிளர்ச்சி ஆகியவை யாங். இவை நல்லதும் கெட்டதும் அல்ல. ஒன்றை ஒன்று தாங்கி, ஒன்றை ஒன்று கட்டுக்குள் வைப்பவை. யின் குறைந்தவருக்கு என்னென்ன நேரும் என்று அந்த மரபு சொல்லும் பட்டியலைப் பாருங்கள்: இரவு வியர்வை, உள்ளங்கை, உள்ளங்கால், நெஞ்சு ஆகிய இடங்களில் எரிச்சல், தூக்கமின்மை, வாய் வறட்சி, வெண்படலம் படியாத சிவந்த நாக்கு, மெலிந்து விரைவாக ஓடும் நாடி. உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் வரிக்கு வரி பொருந்துகிறது. ஆகவே சின்சே உங்களை ஏமாற்றவில்லை. தம் மரபின்படி சரியாகவே பார்த்திருக்கிறார்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விளக்கில் எண்ணெய் வற்றினாலும் திரி தாறுமாறாக எரியும், எண்ணெய் நிறைய இருக்கும்போதே யாரோ திரியை மேலே இழுத்துவிட்டாலும் அப்படித்தான் எரியும். சுடரை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். மாதவிலக்கு நிற்கும் பருவத்துப் பெண்ணுக்கும், கிரேவ்ஸ் நோய் வந்த பெண்ணுக்கும், காசநோயால் மெலிந்தவருக்கும் இரவு வியர்வையும் விரைந்த நாடியும் இருக்கக்கூடும். மூவரையும் பார்த்து 'யின் குறைவு' என்று சொல்ல இடமுண்டு. நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதை அந்தச் சொல் சொல்கிறது. அந்த நிலைக்கு உங்களை எது கொண்டுவந்தது என்பதைச் சொல்வதில்லை. எந்த உறுப்பு எப்போது கெடும் என்பதோ அந்தக் காரணத்தைப் பொறுத்தது.

உங்களிடம் அந்தக் காரணம் தெரிந்திருக்கிறது. சாதாரணமாக, இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கூடினால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதை உணர்ந்து, டி.எஸ்.எச். அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். தைராய்டும் அடங்கிவிடும். கிரேவ்ஸ் நோயில், உங்கள் நோய் எதிர்ப்பு மண்டலமே உண்டாக்கும் ஓர் எதிர்ப்புப் புரதம், டி.எஸ்.எச். போலவே தைராய்டில் போய் ஒட்டிக்கொண்டு, ஓயாமல் ஹார்மோனைச் சுரக்கச் சொல்கிறது. பிட்யூட்டரி தன் பங்குக்கு டி.எஸ்.எச்.சை முழுக்க நிறுத்திவிட்டது. அதனால்தான் உங்கள் அறிக்கையில் அது அளக்க முடியாத நிலையில் இருக்கிறது. உடலின் சமநிலை ஏற்பாடு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் புரதம்தான் அதற்குக் கட்டுப்படவில்லை. உணவை மாற்றியோ சாரத்தைப் பெருக்கியோ அதைக் கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. மிகைத் தைராய்டுக்குச் சீன மூலிகைகள் பற்றி நடந்த ஆய்வுகளை, மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2007இல் தொகுத்துப் பார்த்தது. மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தபோது சில அறிகுறிகள் குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொன்னாலும், எல்லா ஆய்வுகளின் தரமும் குறைவாக இருந்ததால், எந்த மருந்தையும் பரிந்துரைக்க முடியவில்லை. மாத்திரையை விட்டுவிட்டு மூலிகையை மட்டும் எடுக்கலாம் என்பதற்கு அதில் இடமே இல்லை.

தூக்கம் தேவலையாக இருப்பதை நான் மறுக்கவில்லை. சின்சே நேரம் கொடுத்துக் கேட்டிருக்கிறார், உணவை ஒழுங்குபடுத்தியிருக்கிறார், பொடியும் ஓரளவு உதவியிருக்கலாம். ஆனால் நீங்கள் நன்றாகத் தூங்கும் இரவிலும் அந்த ஹார்மோன் இதயத்தையும் எலும்பையும் அரித்துக்கொண்டுதான் இருக்கும். கவனிக்காமல் விட்டால் இதயத்துடிப்பு ஒழுங்கற்றுப்போய், அதனால் பக்கவாதம் வரை போகலாம். மாதவிலக்கு நிற்கும் வயதில் எலும்புத் தேய்மானம் இரட்டிப்புச் சுமையாகும்.

உடம்புச் சூடும் யின் குறைவும் ஒன்றா?

இது நம்மவர்கள் பலருக்கும் உள்ள எண்ணம். நம் சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்று மூன்றை வைத்துப் பேசுகிறது. சீன மருத்துவம் வேறு கட்டமைப்பு. அதிலேயே சூடு இரண்டு வகைப்படும். நிறைவினால் வரும் சூட்டைக் கசப்பும் குளிர்ச்சியுமான மருந்துகளால் தணிப்பார்கள். யின் குறைவினால் வரும் வெறுஞ்சூட்டுக்கோ, குறைந்துபோன யின்னை ஊட்டுவதையே முதன்மையாகக் கொள்வார்கள். சூடு என்றவுடன் நீங்களாகச் செவ்வந்தித் தேநீரும் பார்லித் தண்ணீரும் குடிப்பது, அவர்கள் கணக்கிலும் சரியான வைத்தியம் ஆகாது. தெம்புக்காகத் தோழி கொடுத்த ஜின்செங் பானத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். வெப்பத்தைக் கூட்டும் வகை ஜின்செங்கை இந்த நிலையில் சீன மருத்துவ மரபே தவிர்க்கச் சொல்லும்.

நவீன அறிவியலோடு ஒப்பிடும் ஆசையும் பலருக்கு உண்டு. உடலின் உள்நிலை மாறாமல் காக்கப்படும் முறைக்கு அமெரிக்க உடலியலாளர் வால்ட்டர் கேனன் 1926இல் ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தார். யின்-யாங் என்பது இதுதான் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 1970களில் நெல்சன் கோல்ட்பர்க் என்ற ஆய்வாளர், உயிரணுவுக்குள் இருக்கும் சைக்ளிக் ஏ.எம்.பி., சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற இரண்டு மூலக்கூறுகளும் எதிரெதிராக நின்று உயிரணுவை ஆள்கின்றன என்று சொல்லி, அதற்கு யின்-யாங் கருதுகோள் என்றே பெயரிட்டார். அழகான கருத்துதான். ஆனால் உயிரணுவின் உண்மையான ஏற்பாடு அதைவிடச் சிக்கலானது என்று பின்னர் தெரிந்ததால், பொது விதியாக அது நிலைக்கவில்லை. யின்-யாங்கைச் சிந்திக்கும் முறையாக வைத்துக்கொள்ளலாம். இரத்தத்தில் அளந்து பார்க்கக்கூடிய பொருளாக அது இல்லை.

தோழி சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11 என்ற நோய்ப் பகுப்புப் பட்டியலில், 26ஆம் அத்தியாயமாகப் பாரம்பரிய மருத்துவ நிலைகளை உலகச் சுகாதார நிறுவனம் சேர்த்திருக்கிறது. மருத்துவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று பதிவு செய்வதற்கான ஏற்பாடு அது. அந்தச் சிகிச்சை பலன் தரும் என்ற சான்றிதழ் அன்று.

கடற்பாசி ஏன் கூடாது

கணவரும் இந்தப் பகுதியைப் படித்தால் நல்லது. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கெ ஹோங் என்ற சீன அறிஞர் அவசர மருத்துவக் குறிப்புகளைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார். இடைவிட்ட காய்ச்சலுக்கு ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லும் குறிப்பு அதில் இருக்கிறது. சூடாக்காமல் பிழியச் சொன்னதைக் கவனித்த தூ யூயூ, குறைந்த வெப்பத்தில் சாரம் இறக்கிப் பார்த்து, மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினினைக் கண்டறிந்தார். அதற்காக 2015இல் நோபல் பரிசு பெற்றார். எல்லாமே மூடநம்பிக்கை என்று ஒதுக்கியிருந்தால் எத்தனையோ உயிர்களைக் காத்த அந்த மருந்து கிடைத்திருக்காது. அதே நேரம், அந்தக் குறிப்பு மருந்தானது விலங்குகளிலும் மனிதர்களிலும் சோதித்துப் பார்த்த பிறகுதான்.

அதே கெ ஹோங், கழுத்து வீக்கத்துக்குக் கடற்பாசியைச் சாராயத்தில் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். கடலிலிருந்து தொலைவில், அயோடின் இல்லாத மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு வந்த வீக்கம் அயோடின் பற்றாக்குறையால் வந்தது. அயோடின் செறிந்த கடற்பாசி அவர்களுக்கு அருமருந்து. உங்கள் வீக்கமோ அந்த எதிர்ப்புப் புரதம் தைராய்டை ஓயாமல் தூண்டுவதால் வந்தது. தைராய்டு ஹார்மோன் செய்வதற்கான மூலப்பொருளே அயோடின். கொம்பு எனப்படும் பெருங்கடற்பாசியைத் தினமும் கொதிக்கவைத்துக் குடிப்பது, ஓயாமல் ஓடும் ஆலைக்குக் கூடுதல் சரக்கு இறக்குவதாகும். கார்பிமசோல் வேலை செய்யவும் அது தடையாக இருக்கும். எப்போதாவது ஒரு துண்டு கடற்பாசி சாப்பிட்டால் குடிமுழுகிவிடாது. தினமும் மருந்தாகக் குடிப்பதைத்தான் சொல்கிறேன்.

பொட்டலத்தில் என்ன இருக்கிறது?

நீங்கள் அனுப்பிய விவரத்தில், பொட்டலத்தின் மேல் சீன எழுத்தும் தேதியும் மட்டுமே இருப்பதாகச் சொல்கிறீர்கள். யின் குறைவுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மருந்து லியு வெய் தி ஹுவாங் வான். சோங் அரச காலத்தில் குழந்தை மருத்துவராகப் புகழ்பெற்ற சியென் யி, பழைய மருந்து ஒன்றிலிருந்து வெப்பமூட்டும் இரண்டு சரக்குகளை நீக்கி ஆறு சரக்குகளோடு அமைத்தது. அது மட்டும்தான் என்றால் எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் சின்சேகள் ஆளுக்கேற்பச் சரக்குகளைக் கூட்டிக் குறைப்பார்கள். கழுத்து வீக்கத்தைப் பார்த்துவிட்டு அதிலும் கடற்பாசிப் பொடி சேர்த்திருக்கக்கூடும். பல கலவைகளில் அதிமதுரம் இருக்கும். நீண்ட நாள் அதிக அளவில் எடுத்தால் அது இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஏற்கெனவே படபடக்கும் இதயத்துக்கு அது நல்லதன்று.

மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்று நினைக்காதீர்கள். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை எடுத்த இளம்பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு சரக்குக்குப் பதிலாகப் பெயரில் ஒத்த வேறொரு சரக்கு கலந்துவிட்டதும், அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலமுமே காரணம். அவர்களில் சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் வந்தது.

சிங்கப்பூரில் உங்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. 2000ஆம் ஆண்டின் பாரம்பரிய சீன மருத்துவர்கள் சட்டப்படி, சின்சேகள் அதற்குரிய வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். உங்கள் சின்சேயின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். என்னென்ன சரக்கு, எவ்வளவு என்று எழுதித் தரும்படி அவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல சின்சே எழுதித் தருவார். மறுத்தால் அந்த மருந்தை எடுக்காதீர்கள். இணையத்தில் யாரோ விற்கும் பெயர் தெரியாத உருண்டைகளை வாங்கவே வேண்டாம். பாரம்பரிய மருந்து என்று விற்கப்பட்ட பொருள்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் ஒளிந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

முடி கொட்டுவதற்காக ஏதோ வைட்டமின் எடுப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதில் பயோட்டின் இருந்தால், தைராய்டு பரிசோதனை முடிவைப் பொய்யாக மாற்றிக் காட்டலாம். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள்கள் முன்பே நிறுத்திவிட்டு, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கார்பிமசோல் பற்றிய உங்கள் பயம்

இந்தப் பயத்தை யாராவது உங்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் படித்தது பொய்யன்று. இரத்த வெள்ளையணுக்கள் திடீரெனக் குறையும் ஆபத்து இந்த மருந்துக்கு உண்டு. ஆயிரம் பேரில் ஓரிருவர் முதல் ஐந்து பேர் வரை, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் இது வருகிறது. காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே இரத்த அணுப் பரிசோதனை எடுக்க வேண்டும். கண் மஞ்சளானாலும் அப்படியே. இதைத் தெரிந்துவைத்திருப்பவருக்கு இது சமாளிக்கக்கூடிய ஆபத்து. மேலும், சுரப்பியில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஹார்மோன் தீர வேண்டியிருப்பதால், மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நீங்கள் பலன் தெரியும் முன்பே விட்டுவிட்டீர்கள். அதுவரை படபடப்பு குறைய புரோப்ரனலால் போன்ற மருந்து தருவார்கள். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மாதவிலக்கு ஒழுங்கு தவறினாலும் கருத்தரிக்கும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. இந்த மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால் கருத்தடை பற்றியும் கேளுங்கள்.

வழக்கமாக 12 முதல் 18 மாதங்கள் கொடுத்து, டி.எஸ்.எச்.சையும் அந்த எதிர்ப்புப் புரதத்தின் அளவையும் பார்த்து நிறுத்துவார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. மாத்திரை வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. அப்போது தைராய்டைச் செயலடங்கச் செய்யும் கதிரியக்க அயோடினும், அதை அகற்றும் அறுவை சிகிச்சையும் இருக்கின்றன. கண் உறுத்தலோ கண் பிதுங்குவதோ இருந்தால் கதிரியக்க அயோடின் அதைக் கூட்டக்கூடும் என்பதால் முதலில் கண்ணைச் சோதிக்க வேண்டும். இவ்விரண்டு வழிகளுக்குப் பிறகும் பெரும்பாலோருக்கு ஹார்மோன் குறைந்து, உடல் சில்லிட்டு, சோர்ந்து, முகம் உப்பும். அன்று சின்சே உங்களைப் பார்த்தால் யாங் குறைவு என்பார். அப்போது உங்களுக்குத் தேவைப்படுவது வாழ்நாள் முழுவதும் தினமும் ஒரு தைராக்சின் மாத்திரை.

மாதவிலக்கு நிற்கும் பருவமும் இதோடு சேர்ந்திருக்கலாம் என்ற உங்கள் ஐயம் நியாயமானது. தைராய்டு கட்டுக்குள் வந்த பிறகும் இரவு வியர்வை நிற்காவிட்டால், அதற்குத் தனியாக மருத்துவம் பார்க்கலாம். இப்போதே இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சின்சேயிடம் தொடர்ந்து போகலாமா?

போகலாம், ஒளிக்காமல் போவதாக இருந்தால். அவர் கேட்டார், நீங்கள் இல்லை என்றீர்கள். அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். அடுத்த முறை இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் கார்பிமசோல் அட்டையையும் அவர் மேசையில் வையுங்கள். கிரேவ்ஸ் நோய் என்று சொல்லுங்கள். கடற்பாசியும் அயோடின் உள்ள எந்தச் சரக்கும் வேண்டாம் என்று கேளுங்கள். ஹார்மோன் அளவு ஓரளவு இறங்கும் வரை பொடியை நிறுத்திவைக்கலாமா என்றும் கேளுங்கள். நான் அப்படித்தான் விரும்புவேன், ஏனென்றால் ஈரல் பரிசோதனையில் ஏதாவது மாறினால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியும். மருத்துவமனைக்குப் போகும்போது, பிரிக்காத பொட்டலம் ஒன்றையும், அவர் எழுதித் தந்த சரக்குப் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். திட்டுவார்களோ என்ற பயம் வேண்டாம். எங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் எங்களுக்குக் கவலை.

கணவரிடம் ஒரு வார்த்தை: மூடநம்பிக்கை என்று அவர் சொன்னதும் நீங்கள் வீட்டிலும் மறைக்கத் தொடங்கிவிட்டீர்கள். அவர் வாதாடுவதைவிட, அடுத்த சந்திப்புக்கு உடன் வந்து உட்கார்வது அதிகம் உதவும்.

சந்திப்புக்காகக் காத்திருக்கும் நாள்களில் கடும் காய்ச்சல், ஓய்வாக இருக்கும்போதும் அடங்காத நெஞ்சுப் படபடப்பு, தொடர் வாந்தி, மூச்சுத்திணறல், மனக்குழப்பம் ஆகியவற்றில் எது வந்தாலும் சின்சேயிடமும் போக வேண்டாம், பலதுறை மருந்தகத்திலும் வரிசையில் நிற்க வேண்டாம். 995ஐ அழைத்து, கிரேவ்ஸ் நோய் இருக்கிறது, மாத்திரையை நிறுத்தியிருக்கிறேன் என்ற இரண்டையும் முதலில் சொல்லுங்கள்.